நிணமும் நீரும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் உடற்கூறு பற்றி எழுதப் புகுவது வேலி தாண்டும் செயல் என எம் விஞ்ஞான ஆசிரியர்கள் நகைக்கவுங் கூடும். ஆயினும் என்னை இப்பொருளுக்குள் இழுத்துச் சென்றது ஒரு சொல்லே.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்மன்றக் கூட்டமொன்றில் திருமுருகாற்றுப்படை பற்றிப் பேசினேன். அதில் வரும் பேய்மகள் நிணம் உண்பவள். நிணம் என்பது கொழுப்பு என விளக்கினேன். கூட்டம் முடிந்ததும் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து, “சேர், எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் நிணநீர் என்பது தெளிந்த பாய்பொருள் என்றிருக்கிறது. கொழுப்பு எப்படித் தெளிந்த நீராகும்?” என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். நூலகத்துக்குச் சென்று சில நாள்கள் புரட்டிய பின்னரே அவனுக்கு நிறைவான விடை சொல்ல முடிந்தது.

1622ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இத்தாலிய வைத்தியர் காஸ்பரோ அசெல்லி, உணவு உண்டிருந்த நாய் ஒன்றின் வயிற்றைத் திறந்து ஆராய்ந்தார். குடலைத் தாங்கும் சவ்வின்மீது வெண்ணிற நூலிழைகள் படர்ந்திருந்தன. நரம்புகள் என எண்ணி ஒன்றை வெட்டினார். பால் போன்ற திரவம் வழிந்தது. உணவிலுள்ள கொழுப்பைச் சுமந்து செல்லும் நிணக்குழாய்களே அவை. அசெல்லி 1625இல் இறந்தார். அவருடைய நூல் 1627இல் வெளிவந்தது. குருதிச் சுற்றோட்டம் பற்றிய ஹார்வியின் புகழ்பெற்ற நூல் அதற்கு அடுத்த ஆண்டிலேயே வந்தது என்பதை எண்ணிப் பார்க்க. பின்னர் 1650களில் சுவீடனின் ருட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தோலினும் உடலெங்கும் இத்தகைய குழாய்கள் இருத்தலைக் கண்டு, முதலிற் கண்டவர் யார் என்று தமக்குள் வழக்காடினர். குடலைத் தவிர ஏனைய இடங்களில் அவற்றுள் ஓடியது தெளிந்த நீராகவே இருந்தது. தெளிநீரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பார்த்தோலின் அதற்குப் பெயரிட்டார். ஆகவே ஐரோப்பியர் இட்ட பெயரில் நீர் மாத்திரமே உண்டு. தமிழிலோ நிணமும் உண்டு, நீரும் உண்டு. குடலிலிருந்து வருவதையும் கைகால்களிலிருந்து வருவதையும் ஒரு சொல்லுக்குள் அடக்கியிருக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டொக்டர் கிறீன் தமிழ்மொழியில் வைத்தியங் கற்பித்த நாடு இது. கலைச்சொல்லில் நாம் எவருக்கும் இளைத்தவரல்லர்.

இனி அந்நீர் செய்யும் பணியைச் சிறிது நோக்குவோம். குருதி மயிர்க்குழாய்களிலிருந்து நீரும் புரதமும் ஓயாது கசிந்து இழையங்களை நனைக்கின்றன. கசிந்ததிற் பெரும்பகுதி குருதிக்கே மீள்கிறது என்றும், எஞ்சும் ஏறத்தாழ மூன்று லீற்றரை நாள்தோறும் நிணக்குழாய்களே அள்ளிச் சென்று கழுத்தடியிலுள்ள பெருநாளங்களிற் சேர்க்கின்றன என்றும் பாடநூல்கள் கூறும். குருதிக்கு இதயம் உண்டு. நிணநீருக்குத் தனி இதயம் இல்லை. குழாய்ச் சுவரின் சுருக்கமும், தசைகளின் அசைவும், மூச்சின் ஏற்ற இறக்கமுமே அதனை உந்துகின்றன. பின்னோக்கி வழியாதபடி குழாய்க்குள் சிறு கதவங்கள் உள்ளன. வழியிலே பலநூறு கணுக்கள், சாவடிகள் போலக் காவலிருந்து, நுழையும் கிருமிகளை மறித்துப் போரிடும். காலிற் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று எம் பாட்டிமார் சொன்னது இந்தக் கணுவையே. 2015இல் மூளையைச் சூழ்ந்த சவ்விலும் நிணக்குழாய்கள் உள்ளன என ஆய்வாளர் காட்டினர். முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்துறையிற் புதியன கிடைத்துக்கொண்டே இருக்கின்றன.

இத்துணையும் நூலறிவு. இவ்வடிகால் அடைபட்டால் நேர்வது யாது என்பதை எனக்குக் கற்பித்தவர் ஒரு சிங்கள மூதாட்டி.

1999இல், இருபத்தோராம் வயதில், வடக்கிலிருந்து வந்த வேறு மூன்று இளைஞரோடு கிருலப்பனையில் ஒரு வீட்டின் பின்னறையிற் குடியிருந்தேன். கால்வாயிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டுக்கார அம்மாவை நாங்கள் ஆச்சி என்றே அழைத்தோம். இரு மொழியிலும் பாட்டிக்கு அதுவே பெயராதலின் எவருக்கும் அகராதி தேவைப்படவில்லை. மாத்தறைக் கரையோரத்திலிருந்து மணமாகி வந்தவர் அவர். எக்காலமும் நிலத்தைத் தொடும்படி துணி உடுத்து, மெல்ல இழுத்து இழுத்து நடப்பார். திருமண வீடுகளுக்குப் போகமாட்டார்.

ஒருநாள் இரவு பத்து மணி இருக்கும், கதவு தட்டப்பட்டது. அக்காலத்துக் கொழும்பில் எம்மவர் அறையொன்றின் கதவு இரவிலே தட்டப்பட்டால் எண்ணத் தோன்றுவது ஒன்றே. நால்வரும் பேசாது எழுந்து, தலையணைக்கு அடியிலிருந்து அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டோம். கதவைத் திறந்தால், மின்சூளும் கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டியுமாக இரு சுகாதார உத்தியோகத்தர் நின்றனர். பெயர் கேட்டனர், வயது கேட்டனர், மூன்றாவதாக, எந்த விரலில் குத்தலாம் என்று கேட்டனர். எங்களில் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். பின் நால்வரும் சிரித்தோம். வந்தவர்களுக்குக் காரணம் விளங்கியிராது. இல்லை, விளங்கியும் இருக்கலாம். மூத்தவர் என் அட்டையைப் பாராமலே கையை மடக்கி, “இது வேண்டாம், தம்பி” என்றார்.

யானைக்கால் நோய்க்கான இராக்குருதிப் பரிசோதனை அது. இரவில் வருவதற்குக் காரணம் உண்டு. நோயை உண்டாக்கும் புழுக்கள் நூல் போன்றவை. பெண்புழு 80 முதல் 100 மில்லிமீற்றர் நீளம் இருக்கும். நிணக்குழாய்களுக்குள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து இலட்சக்கணக்கான நுண்குஞ்சுகளை ஈனும். அக்குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒளிந்திருந்து, இரவு பத்துக்கும் இரண்டுக்கும் இடையிலேதான் தோலருகே ஓடும் குருதியிற் பெருகும். அவற்றைக் காவும் கியூலெக்ஸ் நுளம்பு கடிக்கும் நேரமும் அதுவே. சீனத்தின் அமோய் நகரில் பணியாற்றிய பற்றிக் மான்சன், 1877இல் நுளம்பின் உடலுக்குள் இப்புழு வளர்தலைக் கண்டார். நோயைப் பூச்சி காவும் என்ற அறிவுக்கு அடிகோலியது அது. இரவில் அது குருதியில் தோன்றி மறைவதையும் அவரே விளக்கினார். விருந்தாளியின் உணவு வேளையை வீட்டுக்காரன் அறிந்து வைத்திருப்பது போன்ற இந்த ஒழுங்கு எனக்கு இன்றும் வியப்பையே தருகிறது, சிறிது அருவருப்பையும்.

எங்கள் நால்வர் குருதியிலும் புழு இல்லை. ஆச்சியின் குருதியிலும் இல்லை. அங்கேதான் இந்நோயின் கொடுமை இருக்கிறது. அவருடைய உடலிலிருந்த புழுக்கள் எப்போதோ மடிந்திருக்கும். ஆனால் அவை இருந்த காலத்தில் குழாய்கள் விரிந்து, கதவங்கள் கெட்டுவிட்டன. கெட்டது கெட்டதுதான். தேங்கிய நீரால் தோல் தடிக்கும். விரலிடுக்கில் ஒரு சிறு வெடிப்பு உண்டானாலும் அதனூடே கிருமி புகும். காய்ச்சலும் நோவும் வரும். ஒவ்வொரு காய்ச்சலின் பின்னும் கால் மேலும் பருக்கும்.

மேல், தென், வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில் இந்நோய் வேரூன்றியிருந்தது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அதன் வாயிலில் வாழ்ந்தனர். 1947இலேயே யானைக்கால் ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. எனினும் இறுதித் தாக்குதல் நிகழ்ந்தது 2002 முதல் 2006 வரைதான். ஆண்டுக்கொரு முறை, ஐந்து ஆண்டுகள், நோயில்லாதாரும் உட்பட எல்லாரும் டைஎதில்காபமசீன், அல்பெண்டசோல் என்னும் இரு மருந்துகளையும் விழுங்கவேண்டும். கருவுற்ற பெண்களும் மிகச் சிறிய குழந்தைகளும் கடுமையாக நோயுற்றோரும் விலக்கு.

எம் அறையில் ஒருவன் மறுத்தான். சுகமாக இருப்பவனுக்கு மருந்து எதற்கு என்பது அவன் வாதம். கேட்போர்க்கு நியாயமாகவே தோன்றும். ஆச்சி செம்பில் தண்ணீரோடு வாசலில் வந்து நின்றார். ஒன்றும் பேசாமல் துணியின் விளிம்பைச் சற்றே உயர்த்தினார். மூன்று ஆண்டுகளாக அவ்வீட்டில் இருந்தும் நாங்கள் காணாத காலை அன்று கண்டோம். பிறகு, “புத்தா, இது உனக்கான மருந்து அல்ல, உன்னைக் கடித்த நுளம்பு அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கடிக்குமே, அதற்கான மருந்து” என்றார். மருந்து குருதியிலுள்ள குஞ்சுகளை அழிக்க, நுளம்பு வெறுங்கையோடு திரும்புகிறது என்பதை இதனினும் எளிதாகச் சொல்ல எனக்கு இன்றும் தெரியாது. அவன் விழுங்கினான்.

2016இல் உலக சுகாதார நிறுவனம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை இலங்கை ஒழித்துவிட்டது எனச் சான்றளித்தது; மாலைதீவும் உடன் பெற்றது. யான் அப்போது ஆசிரியனாகி, திருமணமாகி, இரு தெரு தள்ளிக் குடியிருந்தேன். செய்தியை ஆச்சிக்குச் சொன்னேன். மகிழ்வார் என்று நினைத்திருந்தேன். அவரோ, “அப்படியானால் கிளினிக்கை மூடிவிடுவார்களா?” என்று கேட்டார். அவருக்குச் சான்றிதழைவிடக் கிளினிக் பெரிது. மூடவில்லை. கண்காணிப்பும் நிற்கவில்லை; நிற்கவும் கூடாது. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரைப் பற்றி வளரும் வேறொரு நுளம்பினால் பரவும் புறூஜியா என்னும் மற்றோர் இனப் புழு, பல்லாண்டு காணாதிருந்து, 2000களின் நடுப்பகுதியில் மறுபடியும் தலைகாட்டியது.

அடுத்த ஆண்டு என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை நடந்தது. அக்குளிலிருந்த நிணக் கணுக்களையும் அகற்றவேண்டி வந்தது. சில மாதங்களின் பின் இடக்கை வீங்கத் தொடங்கியது. புழுவுமில்லை, நுளம்புமில்லை, ஆனால் அடைபட்டது அதே வடிகால். பக்கத்து வீட்டுப் பெண்கள் யானைக்கால் தொற்றிவிட்டதோ எனத் தமக்குள் பேசியது அக்காவின் காதில் விழுந்தது. அவர் கோவிலுக்குப் போவதை நிறுத்தினார்.

ஆச்சியைக் கூட்டிவந்தேன். அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இருவருக்கும் பொதுமொழி அரைகுறை, அது தடையாகவில்லை. வாளியில் நீரும் சவர்க்காரமும் கொண்டுவரச் சொன்னார். ஐம்பது ஆண்டுகளாகத் தம் காலுக்குச் செய்துவருவதை அக்காவின் கைக்குச் செய்து காட்டினார்: தேய்க்காமல் மெல்லக் கழுவுதல், விரலிடுக்குகளில் ஈரம் நில்லாமல் ஒற்றித் துடைத்தல், கீறலோ வெடிப்போ உண்டா எனப் பார்த்தல், இருந்தால் அன்றே மருந்திடல், தலையணைமீது உயர்த்தி வைத்தல், விரல்களை மடக்கி நீட்டல். கிளினிக்கில் இயன்மருத்துவர் சொன்னவையும் ஏறத்தாழ இவையே. அழுத்தமான கையுறை ஒன்று மட்டுமே புதிது. ஆனால் இயன்மருத்துவரிடம் கேட்கத் துணியாத கேள்வியை அக்கா ஆச்சியிடம் கேட்டார்: இது குறையுமா? “குறையாது மகள். கூடாமல் வைத்திருக்கலாம்” என்றார் ஆச்சி. ஆறுதலுக்காகக்கூட அவர் பொய் சொல்லவில்லை. அன்றிரவு அக்கா வெகுநேரம் அழுதார்; மறுநாட் காலை தாமே வாளியை எடுத்துச் சென்றார்.

ஆச்சி 2019இல் காலமானார். அக்காவின் கை இன்றும் வலக்கையைவிடப் பருமன்தான். ஆயினும் கடந்த நான்கு ஆண்டுகளாகக் காய்ச்சல் வரவில்லை. வெள்ளவத்தையில் அவருக்குச் சட்டை தைப்பவர் இடக்கையை இரண்டங்குலம் கூடுதலாக வெட்டுகிறார். முதல்முறை அளவெடுத்தபோது நாடாவை இருமுறை வைத்துப் பார்த்தார். அளவைக் குறித்துக்கொண்டு, எந்தத் திருவிழாவுக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டார்.