பழைய வண்டியும் பழைய எண்ணமும்

நாம் முதன்முதல் வாங்கியது, நம் நாட்டார் கப்சாய் என வழங்கும் பழைய ஹோண்டா கப். 1958இல் ஜப்பானில் தோன்றிய இவ்வகைக்குக் கைக்கிளட்ச் இல்லை. ஆதலின் கற்பது எளிது. ஆனால் எத்துணை உதைத்தும் அது உயிர் பெறவில்லை. எலுமிச்சம்பழம் நசுக்கி, நல்ல நேரத்தில் உதைக்குமாறு சிலர் கூறினர். பால்மரம் வெட்டும் தோழர் ஒருவரோ ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார், கார்புரேட்டரைக் கழுவினார். வண்டி உறுமியது!

ஓட்டக் கற்பித்தவரும் அவரே. “ஐயா, முதலில் நிறுத்தப் பழகுங்கள், ஈரச் செம்மண்ணில் முன்பிரேக்கை இறுக்காதீர்கள்” என்றார். வெட்டுக்காரரிடம் கிராணி பாடங் கேட்பதா என நகைத்தோரும் உளர். தோழர்களே! இயந்திரம் நாளும் கோளும் குலமும் அறியாது. அது வேண்டுவன பெட்ரோல், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றே. அறிந்தவர் எவரோ அவரே ஆசான்.