“நன்றாக இருக்கிறது” என்று எழுதினேன்

ஒருவர் பாடுபட்டுச் செய்த ஒன்றைக் காட்டி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? “நன்றாக இருக்கிறது” என்போம். நானும் அப்படித்தான் சொன்னேன். அந்த இரண்டு சொற்கள் என் உம்மாவை எவ்வளவு வருத்தின என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் பெரியும்மாவின் மகள் ராத்தா பல்கலைக்கழகத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிறார். ஆசிரியர்கள் இணையவழிப் பாடங்களைத் தாமே தயாரிக்க உதவும் மென்பொருள் ஒன்றை இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் செய்துகொண்டிருந்தார். குறிப்பு, படம், வினா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அது ஒரு பாடமாகிவிடும். முதற் பதிப்பை ஐந்து பேருக்கு அனுப்பி, “ஒரு பாடம் செய்து பாருங்கள். எங்கே தடுமாறினீர்கள் என்று படிவத்தில் எழுதுங்கள்” என்றார். அந்த ஐவரில் நானும், உக்குவளைப் பகுதியில் தமிழ் கற்பிக்கும் என் உம்மாவும் இருந்தோம்.

முதலில் நான் செய்து பார்த்தேன். பத்து வினாக்களை எழுதிவிட்டு முந்திய பக்கத்துக்குப் போய்த் திரும்பினேன். ஒரு வினாவும் இல்லை. ‘சேமி’ என்ற பொத்தான் பக்கத்தின் அடியில், திரையில் தெரியாத இடத்தில் இருந்தது. என் கவனக்குறைவு என்று எண்ணி மீண்டும் எழுதினேன். இரவு பகலாக விழித்திருந்து செய்த ராத்தாவின் மனதை நோகடிக்கவும் விருப்பமில்லை. படிவத்தில், “எல்லாம் நன்றாக இருக்கிறது, மாஷா அல்லாஹ்” என்று எழுதி ஐந்து நட்சத்திரங்களும் இட்டேன்.

அடுத்த கிழமை, இஷாவுக்குப் பிறகு உம்மா மடிக்கணினியின் முன் அமர்ந்தார். பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்திருந்த குறிப்புகளை எடுத்து ஒட்டினார். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நின்றது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் எழுத்துரு. ஒருங்குறியிலோ தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு. ராத்தாவின் மென்பொருளுக்கு ஒருங்குறி மட்டுமே தெரியும். உம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? ஒற்றை விரலால் இரண்டு மணித்தியாலம் மீண்டும் தட்டினார். பிறகு, நான் செய்தது போலவே முந்திய பக்கத்துக்குப் போனார். எல்லாம் அழிந்துவிட்டது.

“எனக்கு இதெல்லாம் சரிவராது மகள்” என்று சொல்லி மடிக்கணினியை மூடினார்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியே பாடம் நடத்தியவர் என் உம்மா. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோதும் அப்படியே செய்தார். அவர் வாயிலிருந்தா இந்த வார்த்தை? நான் உண்மையை எழுதியிருந்தால் அந்த இரண்டு மணித்தியாலம் வீணாகியிருக்காதே!

‘கறுப்புப் பெட்டிச் சோதனை’, ‘ஏற்புச் சோதனை’ என்பவற்றுக்கெல்லாம் வரைவிலக்கணம் எழுதி நான் புள்ளி வாங்கியிருக்கிறேன். ஆனால் சோதிப்பவளாக என்னையே நியமித்தபோது தோற்றுப்போனேன்.

அன்றிரவே ராத்தாவுக்கு அழைப்பெடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். அதை நம்பித்தான் ஐந்து பேரைக் கேட்டேன். அதில் ஒருவர் நீங்கள்” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சனிக்கிழமை ராத்தா வீட்டுக்கு வந்து உம்மாவின் பக்கத்தில் அமர்ந்தார். எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. “சாச்சி, மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். உம்மா “ஐயோ, பிழை செய்துவிட்டேன்” என்ற ஒவ்வொரு தடவையும் ராத்தா கொப்பியில் ஒரு வரி எழுதினார். முடிவில் பதினொரு வரிகள். “இதில் ஒன்றுகூட உங்கள் பிழையில்லை சாச்சி. எல்லாம் என் பிழை” என்றார். உம்மாவின் முகம் தெளிந்ததை அப்போது கண்டேன்.

நமது கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பயன்படும் மூடில் என்ற மென்பொருளும் ஒரே நாளில் இன்றைய நிலையை அடையவில்லை. அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ், சிறுவயதில் மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் தொலைதூரக் கல்வி மூலம் படித்தவர். 2002இல் முதற் பதிப்பை வெளியிட்டார். உலகெங்கும் அதைப் பயன்படுத்துவோர் சொல்லும் குறைகளைக் கொண்டு அது இன்றும் திருத்தப்பட்டு வருகிறது.

ராத்தாவின் மென்பொருள் இப்போது எழுத எழுதத் தானாகவே சேமித்துக்கொள்கிறது. பாமினியை ஒருங்குறியாக மாற்றவும் ஒரு பொத்தான் உண்டு. கையடக்கத் தொலைபேசியில் மட்டும் படங்கள் இன்னும் மெதுவாகத்தான் வருகின்றன. அதையும் படிவத்தில் எழுதிவிட்டேன்.

பெற்றோரே, ஒரு கருவி உங்களுக்கு வசப்படவில்லையென்றால் உடனே உங்களைக் குறை கூறாதீர்கள். தோழியரே, கருத்துக் கேட்பவர் நம்மிடம் ஓர் அமானிதத்தை ஒப்படைக்கிறார். அன்பாகச் சொல்லுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். நமக்குப் பின்னால் அதே இடத்தில் தடுமாறப் போகிறவர் நம் உம்மாவாகவும் இருக்கலாம்.