லண்டன் – சென்னை

லண்டன் ஹீத்ரோவிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 8,200 கிலோமீட்டர். நேர் விமானத்தில் வர ஏறக்குறைய 10 மணி நேரம், போக 11. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று வரும்போது தள்ளிவிடும், போகும்போது தடுக்கும் என்று மகன் ஒருமுறை விளக்கியிருக்கிறான்.

என் மனைவி காலமான அன்று இந்தக் கணக்கு உதவவில்லை. நேர் விமானத்தில் இடமில்லை. துபாய் வழியாக வந்தான். அங்கே காத்திருந்ததே 5 மணி நேரம். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்ப எடுக்கறீங்க?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். (கேட்காமல் இருக்க நம்மவர்களுக்கு வராது.) "பையன் வரட்டும்" என்பதைத் தவிர எனக்கும் வேறு பதில் இல்லை.

வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

காரியங்கள் முடிந்து திரும்பும்போது நேர் விமானமே கிடைத்தது. இறங்கியதும் போன் செய்தான். "11 மணி நேரத்துக்கும் மேல ஆயிடுச்சுப்பா. எதிர்காத்து."