பசை தொடப்போவது எதை?

பிளாஸ்டிக் மொடல் செய்யிற ஆக்களிட்ட "எந்தப் பசை நல்லது?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்லுவினம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து 1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் கட்டுறம். எங்களுக்கு அதுக்கு முதல் இன்னொரு கேள்வி இருக்கு: அந்தப் பசை தொடப்போவது பிளாஸ்டிக்கையா, பெயின்டையா?

இந்தக் கிட்டுகள் பெரும்பாலும் பொலிஸ்டைரீன். டமியா, ரெவெல் போன்றவை இதற்கென்று விற்கிற சிமெந்து உண்மையில் ஒரு கரைப்பான். இரண்டு ஓரங்களையும் மெல்லிசாகக் கரைத்து ஒன்றோடொன்று கலக்கப் பண்ணும். அது ஆவியாகிப் போனால் இரண்டு துண்டும் ஒரே துண்டு. ஆனால் இடையில் பெயின்ட் இருந்தால் சிமெந்து பிளாஸ்டிக்கைப் போய்ச் சேராது. பெயின்ட் இளகிச் சுருங்கும், மூட்டு கையோடு வரும்.

சுப்பர் குளூ அப்படியில்லை. காற்றில் இருக்கிற ஈரமே அதை இறுக வைக்கப் போதும், பெயின்டிலும் ஒட்டும். ஆனால் அது பிடித்திருப்பது பெயின்ட் படலத்தைத்தான். படலம் உரிந்தால் சில்லும் சேர்ந்து விழும். அதோட சுப்பர் குளூ மூட்டு முறுகலானது, ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும்.

அப்ப ஒட்டின பிறகு பெயின்ட் அடிச்சால் என்ன? விமானியின் இருக்கைக்குள் பிறகு தூரிகை போகாதே! சின்னச் சாமான்களை முதலே அடிக்கத்தான் வேணும்.

அதனால் நாங்கள் செய்வது இது. ஒட்டப்போகும் ஓரங்களில் பெயின்ட் அடிக்க முதல் மெல்லிய டேப் ஒட்டிவிடுவம். தவறிப் பட்டால் பிளேட்டால் சுரண்டுவம். இறக்கை, உடல் போன்ற பாரம் தாங்கும் மூட்டுகளுக்குச் சிமெந்து. அன்டெனா போன்ற சில்லறைச் சாமானுக்குப் பல்லுக்குத்தும் குச்சி நுனியில் ஒரு சொட்டுச் சுப்பர் குளூ. விமானிக்கு மேல் வரும் கண்ணாடி மூடிக்கு மட்டும் தச்சுவேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசை. சுப்பர் குளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். வெள்ளைப் பசை காய்ந்தால் தெரியாது, மிஞ்சினதை ஈரப்பஞ்சால் துடைக்கலாம். எதையும் முதலில் பாகங்கள் தொங்கி வந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டி, ஒரு நாள் விட்டு இழுத்துப் பாருங்கோ. சிமெந்து பாவிக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கோ.

இங்க கிட் வருவது பெரும்பாலும் லண்டன் சொந்தக்காரரின் சூட்கேசில். சிமெந்து தீப்பற்றும் திரவம், பயணப் பொதியில் விடமாட்டினம். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இன்னொரு கிட் வாங்குவதும் லேசில்லை. உடைந்த சில்லுக்கு மாற்றுச் சில்லு கிடையாது.

எங்களில் ஒருவன் வாற தை மாதம் கனடா போறான். விமானம் அவனோடதான் போகும், உடுப்புகளுக்கு நடுவில் சுத்தி வைத்து. பெட்டியைத் தூக்கிப் போடுகிறவருக்கு உள்ளுக்குள் என்ன இருக்கென்று தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு ஓரத்தையும் பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டிக்கொண்டிருக்கிறம்.