தவறிய துடிப்பு

உயிரற்ற பொருள்களும் சில வேளை நமக்கு ஆசானாகின்றன. சென்ற ஆண்டு உறவினர் இல்ல நிக்காஹ் முடித்து, உம்மாவுடன் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் வண்டி குலுங்கிற்று. எஞ்சின் வடிவ விளக்கு விட்டுவிட்டு மின்னிற்று. வீடு சேர்ந்தால் போதும் என ஓட்டிய நம்மைத் தடுத்து நிறுத்தியவர் உம்மாவே.

அருகிருந்த பட்டறையின் உரிமையாளர் நம் பழைய மாணவர். இரண்டாம் ஆண்டிலேயே படிப்பைக் கைவிட்டவர். "விளக்கு மின்னினா உடனே நிறுத்திடணும், ஐயா. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துடும்" என்றார்.

கணினி இதனை எவ்வாறு அறிகிறது? நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழல்வதற்குள் நான்கு சிலிண்டர்களும் முறைவைத்து எரிந்து தண்டை உந்துகின்றன. நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடுகையில் ஓர் உந்தலுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மில்லி நொடியே உண்டு. ஒன்று தவறினால் தண்டின் வேகம் இம்மியளவு தளரும். தண்டோடு சுழலும் பற்சக்கரத்தை நோக்கியிருக்கும் உணர்கருவி அத்தளர்ச்சியைக் காட்டிக்கொடுக்கும். வெண்பாவில் தளை தட்டினால் செவி அறிவதுபோன்றது இது. தவறியது எதன் முறை எனக் கணித்து, எண்ணிக்கை மிகுந்தால் கணினி விளக்கேற்றும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஓ.பி.டி. 2 முறையில் இதற்கெனப் பொதுக் குறியீடுகள் உள்ளன. 'பி 0301' எனில் முதல் சிலிண்டர். 'பி 0300' எனில் இன்னதென்று குறிக்கவியலாத தவறு.

நம் வண்டி காட்டியது 'பி 0303'. "மூணாவது சிலிண்டர்னு சொல்லும், ஐயா, ஏன்னு சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, நாமதான் தேடணும்" என்றவர், மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கு மாற்றி ஓட்டினார். குறியீடு 'பி 0302' ஆயிற்று. குற்றம் காயிலில்!

அச்சொற்கள் நம்மைச் சுட்டன. அவர் வராத நாள்களையெல்லாம் வருகைப் பதிவேட்டில் பிழையறக் குறித்த நாம், ஏன் என்று ஒருநாளும் வினவியதில்லை. அன்று வினவினோம்.

"வாப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு, ஐயா. பட்டறையைப் பார்க்க வேற ஆளில்லை."

இப்போதெல்லாம் ஒரு பெயருக்கு நேரே மூன்று நாள் தொடர்ந்து வராமை விழுந்தால், பதிவேட்டை மூடியதும் அம்மாணவரைத் தேடிச் செல்கிறோம்.