ஏறின கியரில்தான் இறங்கணும்

மே மாதம் பிறந்தால் கோவையில் பாதி வீடுகளில் ஒரே பேச்சுதான். "பசங்களுக்கு லீவு விட்டாச்சு, ஊட்டிக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா?" ரூம் வாடகை, கூட்டம், குளிர் எல்லாம் பேசுவோம். மலையிலிருந்து வண்டியை எப்படி இறக்குவது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. ஏறுவதற்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் ஆபத்து அதிகம் இருப்பது இறக்கத்தில்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மின்வாரியத்தில் சேர்ந்த புதிதில், எனக்குக் குந்தா நீர்மின் திட்டத்தில் வேலை. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக வெள்ளியங்காடு போகும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். ஆபீஸ் ஜீப்பை ஓட்டியவர் ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் "அண்ணா" என்பேன், அவர் விடாமல் "சார்" என்பார். அவர் சொல்லித் தந்தது ஒரே பாடம்:

"எந்த கியர்ல ஏறுனமோ அதே கியர்லதான் சார் எறங்கோணும். பிரேக் நிறுத்தறதுக்கு. எறக்கறதுக்கு இஞ்சின் இருக்குது."

காரணம் எளிது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் வேகம் முழுவதும் சூடாக மாறுகிறது. இருபது கிலோமீட்டர் இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் அந்தச் சூடு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. முதலில் பிரேக் கட்டைகள் பிடிப்பை இழக்கும். அதன்பின் பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 155 டிகிரியை ஒட்டியே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

சின்ன கியரில் இறங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே இஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஒருமுறை அழுத்திப் பிடித்து விட்டால் போதும்.

சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவார்கள். இன்றைய வண்டிகளில் கியரில் இருந்து காலை எடுத்தால் இஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இஞ்சின் ஓடுவதற்குக் கொஞ்சம் செலவாகும். ஆக, அந்த மிச்சமும் பொய்க்கணக்கு.

இரண்டு வருடம் முன்பு மகள் குடும்பத்தோடு ஊட்டி போனோம். சீசன் நேரம், குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை சென்னைக்காரர், நிதானமாக ஓட்டுபவர். கோத்தகிரி தாண்டிப் பாதி இறக்கத்தில் ஏதோ கருகுகிற வாடை. பின்சீட்டில் பேரப்பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையிடம் குறை சொல்வது நம் வீடுகளில் எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குத் தெரியும். மகளும் கண்ணாலேயே "சும்மா இருங்கப்பா" என்றாள். இருந்தாலும் சொன்னேன்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"இது ஆட்டோமேட்டிக் மாமா. கியரெல்லாம் அதுவே பாத்துக்கும்."

"ஏறும்போது பாத்துக்கும். இறங்கறப்ப நாமதான் சொல்லணும்."

நிறுத்தி இறங்கினார். முன்சக்கரத்தின் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல். தண்ணீர் பாட்டிலை எடுத்தார். வேண்டாம் என்றேன்; கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். அரைமணி நேரம் காற்றாட விட்டோம். பிறகு லீவரை 'டி'யிலிருந்து 'எம்'முக்குத் தள்ளி இரண்டாவது கியரில் இறக்கினார். இஞ்சின் கொஞ்சம் சத்தம் போட்டது. மேட்டுப்பாளையம் வரை வாடை வரவில்லை. "இத யாருமே சொல்லித் தரல மாமா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். சமவெளியில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்குகிறவர்களுக்கு இறக்கத்தைக் காட்டுவது யார்?

விதிகள் இல்லாமல் இல்லை. இரண்டு வண்டி போக இடமில்லாத மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு, இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஏற்றத்தில் நின்ற பார வண்டி மறுபடி கிளம்புவது எவ்வளவு கஷ்டம்! ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். 2018இல் ஒரு கார் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்த பிறகு, வெளியூர் வண்டிகளை அதில் ஏற விட்டார்கள், இறங்க விடவில்லை. அந்தத் தடையே ஒரு பாடம்தான். இரண்டாவது கியரில் வரச் சொல்லிப் போலீஸ் வைத்த போர்டுகளையும் நம் பிள்ளைகள் செல்ஃபி எடுக்கும் அவசரத்தில் கவனிப்பதில்லை.

நம்மில் பலர் இப்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டோம். பக்கத்து சீட்டுக்கோ பின்சீட்டுக்கோ மாறிவிட்டோம். அங்கே உட்கார்ந்து "மெதுவா போ, மெதுவா போ" என்று நச்சரிப்பதில் பயனில்லை. கிளம்புவதற்கு முந்தின நாளே பிள்ளையிடமோ மருமகனிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? இந்த வண்டியில் சின்ன கியரை நாமே போடுவது எப்படி? இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு மலை ஏறட்டும்.