மூன்று படிகளில் இறங்கும் இருப்புப்பாதை: ஓசூர் முதல் சேலம் வரை

ஓசூரிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் இருப்புப்பாதை, பெங்களூருக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் சுமக்கும் தடமாகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. ஆனால், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் தொடங்கி, 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலுள்ள சேலத்தில் முடிவதால், இது ஒரு மலைப்பாதையும் ஆகும். பழைய சேலம் மாவட்டத்தை ஆங்கிலேயர் கால ஆவணங்கள் மூன்றாகப் பகுத்தன: கணவாய்களுக்கு மேலுள்ள ஓசூர்ப் பகுதி பாலகாட், இடைப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரி நிலம் பாராமகால், கீழேயுள்ள சேலம் சமவெளி தலகாட். இம்மூன்று படிகளையும் ஒரே பகலில் வரிசையாகக் காட்டவல்லது இப்பாதை.

மலையை எதிர்கொள்ள இருப்புப்பாதைப் பொறியாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. குறைந்த தொலைவில் மிகுதியாக ஏற வேண்டியிருந்தால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறுமாறு செய்வது முதல் வழி. கிரேக்க நாட்டின் பெலோப்பொன்னேஸ் பகுதியில், கடலோரத் தியாகோப்தோவிலிருந்து வூராய்கோஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மலையூரான கலாவ்ரிதாவுக்கு ஏறும் 22 கிலோமீட்டர்ப் பாதை, 1896-இல் இம்முறையில்தான் திறக்கப்பட்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த அதே முறையே நம் நீலகிரி மலை இரயிலையும் கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏற்றுகிறது. தொலைவு தாராளமாக இருக்கும்போது, சரிவைச் சுற்றி வளைந்தும் பாறையைக் குடைந்தும், சாதாரணச் சக்கரமே தாங்கும் அளவுக்குப் பாதையை மெல்லச் சாய்ப்பது இரண்டாவது வழி. ஓசூர்ப் பாதை இவ்வகையைச் சேர்ந்தது. அதன் இறக்கம் கண்ணை மிரட்டுவதில்லை என்பதாலேயே அது மலைப்பாதையாகக் கருதப்படாமல் போயிற்று.

ஓசூரை விட்டதும் தொழிற்கூடங்கள் பின்தங்க, கெலமங்கலம் வரை மேட்டுநிலத்தின் கேழ்வரகுக் கொல்லைகளும் காய்கறி, மலர்த் தோட்டங்களும் தொடர்கின்றன. பெரியநாகதுணையைக் கடந்தபின் நிலம் உடைந்து குன்றுகளாகிறது. அவற்றினிடையே ராயக்கோட்டை மலைக்கோட்டை எழுகிறது. பாலகாட்டிலிருந்து பாராமகாலுக்கு இறங்கும் கணவாயைக் காத்த இக்கோட்டையை, திப்பு சுல்தானுடனான மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-இல் ஆங்கிலேயப் படை கைப்பற்றியது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் கும்பெனியார் வசமானது. படைகள் தேடிய அதே இறக்கத்தை இருப்புப்பாதையும் நாடியது தற்செயலன்று. மலை விட்டுக்கொடுக்கும் இடம் எல்லாருக்கும் ஒன்றே. இன்று ராயக்கோட்டையின் பெயரைப் பல ஊர்களுக்கும் எடுத்துச் செல்வது அதன் தக்காளி மண்டியாகும்.

மாரண்டஅள்ளி, பாலக்கோடு வழியாகத் தருமபுரி வரையுள்ள நடுப்படி, மழை குறைந்த, வறட்சியை நன்கறிந்த நிலம். 1876-78 பெரும்பஞ்சத்துக்குப் பின், தானியத்தை உரிய காலத்தில் உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லும் நோக்கில் பஞ்சக் காப்புப் பாதைகள் திட்டமிடப்பட்டன. இரண்டரை அடி அகலமே கொண்ட குறுகிய பாதைகள் அவை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இலும் அத்தகைய பாதைகள் திறக்கப்பட்டன; பின்னது 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரண்டும் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1960-களின் இறுதியில் மீட்டர் பாதையாக ஓசூர்த் தடம் மறுபிறப்பெடுத்து, 1990-களில் அகலப்பாதையாயிற்று. கிருஷ்ணகிரிக்கோ இரயில் திரும்பவே இல்லை. அப்பகுதியில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பெயர்பெற்ற குந்தாரப்பள்ளி உள்ளிட்ட நெடுஞ்சாலை ஊர்கள், ஆட்டையும் விளைபொருளையும் இன்றும் சாலை வழியாகவே அனுப்புகின்றன.

தருமபுரிக்குத் தெற்கே, சிவாடிக்கும் தொப்பூருக்கும் இடைப்பட்ட முத்தம்பட்டி மலைப்பகுதியே பயணத்தின் உச்சம். காப்புக்காட்டின் நடுவே பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. பாறையை வெட்டித் திறந்த இடங்களில், மண்ணில் பாதி புதைந்த உருண்டைக் கற்கள் சரிவில் நிற்பதைப் பெட்டியின் சன்னலிலிருந்தே காணலாம். மழை நாள்களில் அடிமண் கரைந்தால் இக்கற்கள் பிடிமானம் இழக்கும். 2021 நவம்பர் 12 அதிகாலையில் அவ்வாறு உருண்டு விழுந்த பாறைகளால் கண்ணூர் - யஷ்வந்த்பூர் விரைவுவண்டி தடம்புரண்டது. பயணிகள் அனைவரும் உயிர்தப்பினர். இங்கே இரவு பகலாகச் சரிவைக் கண்காணிக்கும் தண்டவாளப் பணியாளர்களின் உழைப்பே இப்பாதையின் உண்மையான காப்பு. தொப்பூருக்குப் பின் நிலம் சமனாகிறது. கிழக்கே சேர்வராயன் மலை துணைவர, மேட்டூர் அணைக் கிளைப்பாதை பிரியும் ஓமலூரைக் கடந்து, வண்டி சேலத்தை அடைகிறது.

கலாவ்ரிதாப் பாதையை நாடி அயல்நாட்டார் வழிகாட்டியுடன் வருகின்றனர். நீலகிரிப் பாதையை 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2021 ஜூலை முதல், மங்களூரு - யஷ்வந்த்பூர் தடத்தில் சக்லேஷ்பூர் மலையைக் காண்பதற்கென்றே கண்ணாடிக் கூரைப் பெட்டிகள் ஓடுகின்றன. அவற்றை இயக்கும் தென்மேற்கு இரயில்வேயிடமே ஓசூர்ப் பாதையின் பெரும்பகுதியும் உள்ளது. எனவே, வார இறுதியில் பகல்நேர வண்டி ஒன்றில் அத்தகைய பெட்டியை இணைத்து, ராயக்கோட்டையில் இறங்கிக் கோட்டையைக் காணவும், பஞ்சக் காலப் பாதைகளின் வரலாற்றை வழிகாட்டி ஒருவர் வாயிலாகக் கேட்கவும் வாய்ப்பளிக்குமாறு இரயில்வே துறையும் தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் இணைந்து முன்வர வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பள்ளி மாணவர்கள், தங்கள் நிலத்தின் மூன்று படிகளையும் கண்ணால் கண்டு கற்கும் முதல் பயணிகளாக அதில் அமர வேண்டும்.